கனவும் கணையாழியும்

கனவில் மோதிரம் கண்டால் பலன் யாதென்று ஆஸ்திகர் சிலர் வினவுவதுண்டு. ஸ்ரீமத் ராமாயண ஸுந்தரகாண்டத்தை அநுஸந்திப்பார்க்கு இவ்வினாவே வேறாகிவிடும்.

அசோகவனத்தில் கனவு கண்டவள் திரிசடை. அக்கனவில் தந்தப் பல்லக்கும் வெண்மாலையும் உண்டு; மோதிரம் இல்லை. பிராட்டியோ துயிலாதவள். தன் கூந்தலையே சுருக்காக்கி உயிர் விடவும் துணிந்திருந்தாள். அந்நிலையில் மரக்கிளையில் சிறிய திருவடியைக் கண்டு, கனவில் குரங்கு தோன்றுதல் தீதாயிற்றே என்று அஞ்சினாள். உறக்கமே அற்ற தனக்குக் கனவேது என்று பின்னர்த் தானே தெளிந்தாள். ஆயினும் ஐயம் தீரவில்லை. ஸந்யாஸி வேடத்தில் வந்த இராவணனிடம் வஞ்சனைப்பட்டவள் அன்றோ!

திருவடி பெருமாளின் திருமேனி அடையாளங்களை விண்ணப்பித்து, திருநாமம் பொறித்த கணையாழியைச் சமர்ப்பித்தார். அதைக் கண்ட பிராட்டி நாயகனையே அடைந்தாற்போல் மகிழ்ந்தாள் என்பர் வால்மீகி. பெரியாழ்வாரோ, தம் திருமொழியில் (3-10), அவள் அதனைத் தலைமேல் தரித்து உகந்ததாக அருளிச்செய்கிறார். விரலுக்குரியது சிரஸில் ஏறிற்று, பொன்னின் மதிப்பாலோ? அவன் திருக்கையில் இருந்த மதிப்பால்.

கனவில் பெற்ற பொருளுக்கு மறுமொழி அனுப்புவாருண்டோ? பிராட்டி அனுப்பினாள். புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த சூடாமணியை அவிழ்த்துத் திருவடியின் கையில் தந்தாள்.