தெரிந்த பழுது

ஓட்டமாவடியில் ஒரு கராஜில், கொப்பித் தாளைக் கிழித்து எழுதித் தந்த கணக்கு ஒரு மாதமாக என் சட்டைப் பையில் கிடக்கிறது. மொத்தம் 68,000 ரூபாய். மோட்டார் சைக்கிளோ 2004 ஆம் ஆண்டு பதியப்பட்ட ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர். நான் அதன் மூன்றாவது சொந்தக்காரன். "இந்தக் கிழட்டு வண்டிக்கு இவ்வளவு காசா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் வேறொரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

மாங்கேணியில் இருப்பவனுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரமல்ல. ஓட்டமாவடியிலிருந்து வாகரை வழியாகத் திருகோணமலை போகும் ஏ-15 வீதியில் எங்கள் ஊர் இருக்கிறது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் வாழைச்சேனைப் பக்கம்தான் போக வேண்டும். பஸ் நம் அவசரத்துக்கு வராது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளுக்கெல்லாம் புது மரியாதை வந்தது. 2022 இல் கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோல் வாங்கிய நாட்களில், குறைந்த பெற்றோலில் நெடுந்தூரம் ஓடிய இந்த 97 சீசீ எஞ்சின்தான் எங்கள் குடும்பத்தைச் சுமந்தது.

ஆகவே, திருத்துவதா விடுவதா என்பதை முதலில் ஒரு கணக்காகவே பார்த்தேன். 68,000 செலவழித்தால் வண்டியின் விலை அதே அளவுக்குக் கூடாது. செலவழிக்காவிட்டால் எஞ்சின் ஒருநாள் நடுவழியில் நின்றுவிடும். இதுவரை இதற்குக் கொட்டிய காசை நினைத்து மேலும் கொட்டுவது புத்தியல்ல. போன காசு போனதுதான். இனிச் செலவழிக்கும் காசுக்கு என்ன கிடைக்கும் என்று மட்டுமே பார்க்க வேண்டும். இந்த நியாயங்களிலெல்லாம் பிழையில்லை. ஆனால் இவை அனைத்திலும் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அது நான்.

ஒரு நாள் இரவு பதினொரு மணியிருக்கும். பக்கத்து வளவுப் பையன் ஓடி வந்தான். அவனுடைய உம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, ஆட்டோ கிடைக்கவில்லை, வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியைத் தர முடியுமா என்று கேட்டான். சாவியைக் கையில் கொடுத்து, "பயப்படாம போ மகன்" என்று சொல்லி அனுப்பினேன். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. முன் பிரேக் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

இரவில் எங்கள் வீதியில் மாடுகள் படுத்திருக்கும். பகல் வெயிலின் சூடு தாரில் மிச்சமிருப்பதால் அவை அங்கே வந்து படுக்கின்றன. சில பகுதிகளில் யானைக்கும் பயப்பட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சில்லை நோக்கிச் சரிகிறது. அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் பாரம் குறைந்த பின் சில்லு வழுக்கிக்கொண்டு போகும். இதெல்லாம் அந்தக் கராஜ்காரர் சொல்லித் தந்தவைதான். "சேர், பிரேக் சூ தேஞ்சு முடிஞ்சுது. இனிக் கேபிளை இறுக்கியும் பிரயோசனமில்ல" என்று அவர் சொன்ன நாளும் ஞாபகமிருந்தது. விடியும் வரை நான் தூங்கவில்லை. சுபஹுக்குப் பிறகு பையன் வந்தான். உம்மாவுக்குச் சுகம். வண்டிக்கும் ஒன்றுமில்லை. நன்றி சொல்லிச் சாவியைத் தந்தான். அந்த நன்றியை வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லையே, பிறகென்ன கூச்சம்?

இந்தக் கேள்விக்கு 1877 ஆம் ஆண்டிலேயே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித மேதை நம்பிக்கையின் அறம் பற்றி எழுதிய கட்டுரை ஒரு கப்பல் சொந்தக்காரனின் கதையோடு தொடங்குகிறது. கப்பல் பழையது, பலமுறை திருத்தப்பட்டது. நாடு விட்டு நாடு போகும் குடும்பங்கள் அதில் ஏறப்போகின்றன. இன்னுமொருமுறை முழுதாகச் சோதித்துத் திருத்த வேண்டுமோ என்ற சந்தேகம் அவனுக்கு வருகிறது. செலவோ அதிகம். இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே, இறைவன் காப்பாற்றுவான் என்று மெல்ல மெல்லத் தன் மனதைத் தேற்றிச் சந்தேகத்தைத் துரத்திவிடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறான். கிளிஃபர்ட் அவனைக் குற்றவாளி என்கிறார். அது எவருக்கும் எளிதில் விளங்கும். அதன் பின் அவர் கேட்பதுதான் முக்கியமானது. அந்தக் கப்பல் மூழ்காமல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால் அவன் குற்றம் குறையுமா? இல்லை, அணுவளவும் குறையாது என்பது அவர் முடிவு. ஏனென்றால் பிழை கடலில் நடக்கவில்லை. கப்பல் துறையை விட்டுப் புறப்படுமுன் அவன் மனதுக்குள் நடந்து முடிந்துவிட்டது.

அந்தக் கப்பல்காரன் இறைவனையும் துணைக்கு அழைத்தான் என்பது என்னைச் சுட்டது. நானும் அன்றிரவு அதைத்தான் செய்தேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகளார் சொன்ன ஹதீஸை மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! தேய்ந்த பிரேக்கோடு வண்டியை அனுப்பிவிட்டுத் திண்ணையிலிருந்து துஆக் கேட்பது எந்த வகைத் தவக்குல்?

கராஜ்காரரின் தாளை மீண்டும் விரித்தேன். பிஸ்டன், ரிங், சிலிண்டர் வேலை, கிளட்ச் பிளேட், கூலி எல்லாம் 41,000. இரண்டு பிரேக்குக்கும் சூ, கேபிள்கள், இரண்டு ரயர், செயின் செட், முன்விளக்கு 27,000. அவர் ஒரே கூட்டலாகப் போட்டிருந்தார். எனக்கு அவை இரண்டு கணக்குகளாகத் தெரிந்தன. எஞ்சின் ஒயில் குடித்தால், வழியில் நின்றுபோனால், நட்டம் பெரும்பாலும் எனக்கு. அதில் நான் பேரம் பேசலாம், பொறுக்கலாம், தள்ளிப்போடலாம். பிரேக்கும் ரயரும் அப்படியல்ல. அவை தேய்ந்தால் ஆபத்து பின்னால் இருப்பவருக்கும் எதிரே வருபவருக்கும் வீதியைக் கடக்கும் குழந்தைக்கும் சேர்த்து. அவர்களிடம் நான் சம்மதம் கேட்கவில்லை. அவர்களுடைய உயிரை அடகு வைத்து 27,000 ரூபாயை மிச்சம் பிடிக்க எனக்கு உரிமையில்லை. வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழ் புகையைப் பற்றித்தான் பேசும். பிரேக்கைப் பற்றி நாம்தான் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மாதச் சம்பளக்காரன் இப்படி எழுதலாம். அன்றாடம் மீன் பெட்டி கட்டி விற்பவன் 27,000 ரூபாய்க்கு எங்கே போவான்? அறம் காசுள்ளவனுக்கு மட்டுமா? இந்தக் கேள்வியை நான் இலேசாகத் தட்டிவிட மாட்டேன். இயலாதவனைக் குற்றவாளி என்று சொல்வது அநியாயம். ஆனால் பழுதைத் திருத்தத்தான் காசு வேண்டும், பழுதைச் சொல்லக் காசு வேண்டாம். மெதுவாக ஓடக் காசு வேண்டாம். இரவில் ஆளேற்றாமல் இருக்கக் காசு வேண்டாம். அன்றிரவு, "முன் பிரேக் இல்ல மகன், பாத்துப் போ" என்ற ஆறு சொல்லும் எனக்கு இலவசம்தான். என் குற்றம் வறுமையால் வந்ததல்ல. வண்டியைக் குறை சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடியதால் வந்தது.

பழுது எல்லா இயந்திரத்திலும் உண்டு. தெரியாத பழுது விதி எனலாம். தெரிந்த பழுது கடன். அடைக்கும்வரை அது நம் பேரில் நிற்கும்.

இதற்கிடையில் விற்றுவிடும் யோசனையும் வந்தது. தரகர் ஒருவர் வந்து பார்த்தார். வாகரைப் பக்கத்துத் தமிழ் இளைஞர் ஒருவர் மீன் வியாபாரத்துக்கு வண்டி தேடுகிறாராம். "தடிச்ச ஒயில் ஊத்துங்க சேர், ரெண்டு கிழமைக்குப் புகை தெரியா" என்றார். நான் தயங்கியதைக் கண்டு, "நம்மட ஆளுக்கா விக்கிறம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியிலிருந்த ஈரத்தை நபிகளார் கண்ட சம்பவம் நினைவுக்கு வந்தது. ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் அவர்கள் அந்த வியாபாரியைக் கேட்டார்கள். வாங்க வருபவர் யார், எந்தக் கோத்திரம் என்று கேட்கவில்லை. யுத்தமும் சுனாமியும் ஒரே கரையில் அடித்துப் போட்ட எங்களுக்குள், தடித்த ஒயில் ஊற்றிய ஒரு வண்டி எத்தனை வருடத்து நம்பிக்கையைப் புகையாக்கும் என்று அந்தத் தரகர் யோசித்திருக்க மாட்டார்.

போன கிழமை 27,000 ரூபாய் வேலையை முடித்தேன். எஞ்சின் அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் ஒயில் அளவு பார்த்து ஊற்றுகிறேன். மீன்கார இளைஞர் நேரில் வந்தபோது கராஜ்காரரின் தாளையே அவர் கையில் கொடுத்து, எது செய்தாயிற்று, எது மிச்சம் என்று காட்டினேன். எஞ்சினை முறுக்கிக் கேட்டார், பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். "யோசிச்சிட்டு வாறன் சேர்" என்று சொல்லிப் போனார். இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம்.

பக்கத்து வளவுப் பையனிடமும் அன்றைய கதையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "பாலத்தடியில ஒரு மாடு குறுக்க வந்திச்சு, உங்களுக்குச் சொல்லல்ல" என்றான்.