நாட்டின் பெயர் வசையாகலாமா?



திருடுபவனைத் திருடன் என்கிறோம். பொய் உரைப்பவனைப் பொய்யன் என்கிறோம். இவை செயலைக் குறித்து எழுந்த சொற்கள். ஆனால் ஒரு தீங்கும் செய்யாதிருப்பவனைப் பாகிஸ்தானி என்றும், சீனன் என்றும், பங்களாதேசி என்றும் ஏசுவது எதைக் குறித்தது? அந்நாடுகளிலும் கோடிக்கணக்கான மக்கள் உழுதும் நெய்தும் பிள்ளைகளை வளர்த்தும் வாழ்கின்றனர். அவர்தம் நாட்டின் பெயர் எவ்வாறு வசைச்சொல் ஆயிற்று என்பது சிந்திக்கற்பாலது.

இவ்வழக்கம் தெருவோடு நிற்பதன்று. மாற்றுக் கருத்துடையோரைப் பாகிஸ்தானுக்குப் போ என்பது அரசியல் மேடைகளில் பழகிப்போன பேச்சாகிவிட்டது. 2024-ஆம் ஆண்டில் கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், வழக்கு விசாரணையின்போதே, பெங்களூரில் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் ஒரு பகுதியைப் பாகிஸ்தான் என்று குறிப்பிட்டார். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்தது. நீதிபதியும் வருத்தம் தெரிவித்தார். இந்திய மண்ணின் எப்பகுதியையும் எவரும் பாகிஸ்தான் என்று அழைத்தல் கூடாது என ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு கூறியது. 2025-இல் வேறொரு வழக்கில், ஒருவரைப் பாகிஸ்தானி என்றழைத்தல் பண்பற்ற பேச்சே எனினும், மத உணர்வைப் புண்படுத்திய குற்றமாகாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் தண்டியாது விடும் இடத்தில் அறமன்றோ தடுக்க வேண்டும்?

வெறும் பேச்சுத்தானே என்று எண்ணற்க. 1962-இல் சீனப் போர் மூண்டபோது, அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சத்தவர் சுமார் 3,000 பேர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் குழந்தைகளும் முதியோரும் இருந்தனர். 2014 ஜனவரியில் டில்லியில், தோற்றத்தைக் கேலி செய்ததால் எழுந்த சச்சரவில், அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு உயிர் நீத்தார். அதன்பின் மத்திய அரசு அமைத்த பெஸ்பரூவா குழு, இனத்தைச் சுட்டி இகழ்வதைத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இன்றும் அருணாசலம், சிக்கிம், லடாக் ஆகிய இடங்களிலிருந்து நம் நகரங்களுக்கு வருவோர் சீனர் என்று ஏசப்படுகின்றனர். அவர்களுள் நம் தம்ம சகோதரர் பலர்.

இங்கே ஒரு நுட்பம் உளது. ஏசப்பட்டவர், தாம் சீனர் அல்லர், இந்தியர் என்று மறுமொழி கூறுகிறார். அது உண்மையே. அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் அவ்வுண்மையை அழுத்திச் சொல்லவே வேண்டும். அது குடிமகனின் உரிமை. ஆயினும் அம்மறுமொழியோடு நாம் நின்றுவிட்டால், சீனராய் இருப்பவரை ஏசலாம் என்பதற்கு உடன்பட்டவர் ஆகிறோம் அல்லவா?

பெயரை வசையாக்கும் கொடுமையை நம்மினும் நன்கறிந்தோர் யார்? பறையர் என்னும் தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் புகுந்து, ஒதுக்கப்பட்டோன் என்னும் பொருளில் வழங்குகிறது. உலக அரசுகள் தமக்குப் பிடியாத நாட்டை இன்றும் 'பரையா நாடு' என்று ஏசுகின்றன. ஒரு மக்களின் பெயரால் மற்றொரு மக்களை இழிவுசெய்யும் விந்தை இது. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர், பிறர் இழிவேற்றிச் சூட்டிய பெயரை ஏற்க மறுத்தது இதுபற்றியே.

சுத்த நிபாதத்தின் வசல சூத்திரத்தில் இவ்வினாவிற்கு விடை உளது. சாவத்தி நகரில் பகவன் பிச்சைக்குச் சென்றபோது, வேள்வித்தீ வளர்த்துக்கொண்டிருந்த அக்கிக பாரத்துவாசன் என்னும் அந்தணன் அவரை வசலன், அதாவது இழிகுலத்தான், என்று ஏசினான். தாம் சாக்கியர் குலத்தவர் என்று பகவன் விடை கூறவில்லை. வசலன் என்பவன் யார், ஒருவனை வசலனாக்குவன எவை என அறிவாயோ என்று வினவினார். சினம், வஞ்சனை, கொலை, களவு முதலிய செயல்களை எடுத்துரைத்து, பிறப்பினால் எவனும் வசலனாவதில்லை, செய்கையினாலேயே ஆகிறான் என்று தெளிவித்தார். ஏசியவனே இறுதியில் உபாசகனானான்.

பிற நாட்டு அரசின் செய்கையைக் கண்டித்தல் வேறு. அந்நாட்டு மக்களின் பெயரை வசையாக்குதல் வேறு. முன்னது செயலை நோக்கியது. பின்னது பிறப்பை நோக்கியது. சாதி இழிவை உதறி வெளிவந்த நாம், அதே இழிவை நாட்டின் பெயரால் பிறர்மீது ஏற்றலாமா? பிழைப்புத் தேடி வந்த வடநாட்டுத் தொழிலாளியை 'வடக்கன்' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் இகழக் கேட்டு நாம் வாளா இருந்ததில்லையா? நல்வாய்மை என்பது பொய் பேசாமை மட்டுமன்று. கடுஞ்சொல் நீக்கலும் அதனுள் அடங்கும்.

ஆதலின், இனி எவரேனும் நம்மெதிரே ஒருவரை நாட்டின் பெயரால் ஏசக் கேட்பின், அவர் அந்நாட்டவர் அல்லர் என்று மட்டும் கூறி நில்லாது, அவர் செய்த தீங்கு யாது என்று வினவுவோமாக.