நாற்பதாயிரம் ரூபாய் வித்தியாசம்

விளையாடுவதற்காக ஒரு பொருள் வாங்குகிறேன் என்று நம் வீடுகளில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சைக்கிள் பள்ளிக்கூடம் போக, செல்போன் அவசரத்துக்கு, கம்ப்யூட்டர் படிப்புக்கு. வாங்கி வந்த பிறகு அது எதற்குப் பயன்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வாங்கும்போது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். என் அக்கா மகனும் அப்படித்தான் ஒரு தாளில் காரணங்களை எழுதி வைத்திருந்தான். வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட், பின்னால் ஏதாவது ஆன்லைன் கோர்ஸ். அதற்குக் கீழே இரண்டு லேப்டாப்களின் விலை. ஒன்று 75,000 ரூபாய், இன்னொன்று 1,15,000.

அவர்கள் இருப்பது விராலிமலையில். திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு ஷிப்ட் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 18,000. வீட்டுக்குக் கொடுத்தது போக, சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் இது. யாரிடமும் கை நீட்டவில்லை. வாங்குவது என்று முடிவாகிவிட்டது. அந்த நாற்பதாயிரத்தைக் கூடக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேப்பாங்க மாமா" என்றான்.

"சரி, என்ன கேம் விளையாடப் போறே?" என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: வாலரண்ட், ஜிடிஏ ஃபைவ், காசு சேர்ந்தால் சைபர்பங்க் 2077. இருபத்து நான்கு வயது, சொந்தச் சம்பாத்தியம், அந்த வீட்டில் அரிசி பருப்புக்குப் பாதிப் பணம் அவனுடையது. அவன் ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும்? எனக்கு அது உறுத்தியது. இந்தக் கட்டுரையை எழுதவே அதுதான் காரணம்.

அந்தத் தயக்கத்துக்கு ஒரு விலை உண்டு. எடிட்டிங்குக்கு, கேட் வரைவதற்கு என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரர் அதற்கேற்ற மெஷினைத்தான் எடுத்துக் காட்டுவார். பிராசஸர் பெரிது, உடம்பு மெல்லிசு, கிராபிக்ஸ் கார்டு பெயரளவுக்கு. வேண்டியதைச் சொல்லாமல் வேண்டாததற்குக் காசு கொடுத்துவிட்டு, ஆறே மாதத்தில் கேம் திக்குகிறது என்று வருத்தப்படுகிற பையன்கள் எத்தனையோ பேர். விளையாடத்தான் வேண்டும் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் கணக்கே ஆரம்பிக்க முடியும்.

ஒத்துக்கொண்டாயிற்று. இனிக் கணக்கு.

வாலரண்டை ரயட் நிறுவனம் 2020-இல் வெளியிட்டபோதே சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்று பார்த்துத்தான் செய்தது. ஜிடிஏ ஃபைவ் 2013-ஆம் வருடத்து விளையாட்டு. இந்த இரண்டுக்கும் 75,000 ரூபாய் மெஷினே தாராளம். மிச்சம் இருப்பது சைபர்பங்கும் அதைப் போன்ற கனமான கேம்களும். ஜிடிஏ சிக்ஸ் வருகிறதே, அதற்கு இப்போதே தயாராக இருக்க வேண்டாமா என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். அதைப் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகிய இரண்டுக்கும்தான் முதலில் அறிவித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குத் தேதி சொல்லாத கேமுக்காக இன்றைக்கே நாற்பதாயிரத்தைக் கட்டி வைப்பதில் அர்த்தமில்லை.

மெஷின்களை நேரில் பார்க்க இருவரும் திருச்சிக்குப் போனோம். மதுரைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் பஞ்சப்பூர்ப் பேருந்து முனையம், அங்கிருந்து ஊருக்குள். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வீடியோவை ஓட்டச் சொன்னேன். விலை குறைந்ததன் திரையில் செக்கச்சிவந்த கார் செங்கல் நிறத்தில் வெளுத்துத் தெரிந்தது. மற்றதில் அது சிவப்பாகவே இருந்தது. எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது. விற்பனையாளர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேச்சு முழுக்க கார்டின் நம்பரைப் பற்றி. ஒன்றில் ஆர்டிஎக்ஸ் 4050, ஆறு ஜிபி நினைவகம். இன்னொன்றில் 5060, எட்டு ஜிபி. இந்த இரண்டு ஜிபி வித்தியாசம் பொய் இல்லை. புதுக் கேம்களில் சுவர், மரம், முகம் என்று எல்லாவற்றுக்குமான படங்களை அந்த நினைவகத்தில்தான் ஏற்றி வைக்கிறார்கள். இடம் போதவில்லை என்றால் நடுவில் திக்கும்.

நம்பர் பாதிதான் சொல்கிறது. அதே 4050-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டலாம் என்று லேப்டாப் தயாரிப்பவர்களுக்கு என்விடியா விட்டுக்கொடுத்திருக்கிறது. மெல்லிய மெஷினில் குறைந்த வாட்டில் ஓடும் கார்டும், தடித்த மெஷினில் முழு வாட்டில் ஓடும் கார்டும் பெட்டியின் மேல் ஒரே பெயரைத்தான் தாங்கி வரும். விளையாடும்போது இரண்டும் வேறு வேறு. ஆகவே 75,000-லிருந்து 1,15,000-க்குத் தாவுவதற்கு முன்னால், 75,000-க்குள்ளேயே எது முழு வாட், எதன் திரை நல்ல திரை என்று பார்ப்பது பலன் தரும். இரண்டு மூவாயிரம் கூட ஆனாலும் பரவாயில்லை.

கடையில் ஏசி 22 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. இவன் விளையாடப் போவது மாடியறையில். மேலே வெறும் கான்கிரீட் தளம், ஒரு மின்விசிறி. அக்னி நட்சத்திரம் சமயத்தில் அந்த அறையில் சாயங்காலம் சுவரைத் தொட்டால் கை சுடும். பெரும்பாலான லேப்டாப்களின் கையேட்டில் எந்த வெப்பநிலை வரை இயக்கலாம் என்று போட்டிருக்கும். 35 டிகிரி என்பது வழக்கமான எல்லை. சித்திரையில் விராலிமலை அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சில்லு சூடேறினால் மெஷின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூடக் கொடுத்த காசுக்கு வாங்கிய வேகம் அது. வருடத்தில் மூன்று நான்கு மாதம், பகல் பொழுதில், அது கைக்கே வராது. நெடுஞ்சாலைப் புழுதி விசிறியில் படிவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் வரும் மதிப்பீடுகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்படுபவை. நம் ஊர் வெயிலை அவற்றில் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இப்போது உழைப்புக் கணக்கு. 18,000-த்தை இருபத்தாறு நாளால் வகுத்தால் ஒரு ஷிப்ட் சுமார் 692 ரூபாய். நாற்பதாயிரம் என்றால் 58 ஷிப்ட். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, அதில் மூன்றில் ஒன்று ராத்திரி. வாரத்துக்குப் பத்து மணி நேரம் விளையாடினால் நான்கு வருடத்தில் இரண்டாயிரம் மணி நேரம் சொச்சம் வரும். மணிக்கு இருபது ரூபாய்தானே கூட ஆகிறது என்று அவன் சொன்னான். கணக்கு சரி. ஆனால் அந்த இரண்டாயிரத்தில் பெரும்பகுதி வாலரண்டுக்குப் போகும். அங்கே இரண்டு மெஷினும் ஒன்றுதான். கனமான கேம்களுக்குக் கால்வாசி நேரம் என்று வைத்தால் ஐந்நூறு மணி நேரம். வித்தியாசம் மணிக்கு எண்பது ரூபாய். அவனுடைய ஒரு மணி நேரச் சம்பளம் 86. ஒரு மணி நேரம் அந்த விளையாட்டு இன்னும் கொஞ்சம் அழகாகத் தெரிவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தொழிற்சாலை மெஷின் முன்னால் நின்றிருக்கிறான். இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நின்னது நின்னாச்சு மாமா, அதுக்கு நான் என்ன வாங்கிக்கிறேன்னுதானே பேச்சு" என்றான். அதையும் தப்பென்று சொல்ல முடியாது.

அத்தானுக்கு விஷயம் தெரிந்தபோது, "நாற்பதாயிரம் ரூபாய்க்கு விளையாட்டா?" என்று சத்தம் போட்டார். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை நிற்கிறது. உழவுக்குப் போகாது, வண்டி இழுக்காது. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு என்று வருடம் முழுக்கச் செலவு. நடைக்கு ஒரு ஆள், நீச்சலுக்கு ஒரு குளம். வாடிவாசலிலிருந்து அது வெளியே வந்து போவது சில நொடிகள். பிடிபடாமல் போனால் ஒரு அண்டாவோ சைக்கிளோ பரிசு. 2019 ஜனவரி 20-ஆம் தேதி இதே விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டுக் கின்னஸ் சாதனை படைத்தார்களே, அன்றைக்கு ஓடியவற்றில் அத்தான் வளர்த்ததும் ஒன்று. அந்தச் சில நொடிகளைப் பற்றி இன்றைக்கும் அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அந்தக் காளை எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது என்று இதுவரை அவரை யாரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. மனுஷனுக்குப் பிடித்த ஒன்று வேண்டும், அதற்கு அவன் செலவு செய்வான் என்பதை அந்த ஊர் வழிவழியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே நியாயம் பையனுக்கும் உண்டு என்று அத்தானிடம் சொன்னேன். அவர் பையனைப் பார்த்து, "எடிட்டிங் கிடிட்டிங்னு ஏன்டா சுத்தி வளைக்கிறே? விளையாடத்தான்னு முதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்றார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தக் காசில் தங்கம் எடுத்து வைக்கலாமே என்றாள். இன்றைய விலையில் நாற்பதாயிரத்துக்கு அரைப் பவுன்கூட வராது என்பது வேறு விஷயம். அவள் பயம் காசைப் பற்றி மட்டுமில்லை. கேம் என்றால் பையனைக் கெடுக்கிற ஏதோ ஒன்று என்ற எண்ணம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி மாதிரி ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக 'வெண்பா'வைப் போட்டுக் காட்டினோம். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்து அம்மாவின் சமையலை மீட்டெடுக்க வேண்டும். 2024-இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை வாங்கியது. முதல் கட்டமே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று பையன் முழித்துக்கொண்டிருக்க, அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "குழிக்கு நேரா குழி வராம மாத்தி வைடா" என்றாள். பிறகு முடியும்வரை நகரவில்லை. என்னுடைய பழைய ஆபீஸ் லேப்டாப்பில்தான் அதை ஓட்டினோம். தனி கிராபிக்ஸ் கார்டு என்று எதுவும் அதில் இல்லை.

அவனுடைய முதல் மெஷினும் அப்படிப்பட்டதுதான். 2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ முடித்தபோது கிடைத்தது. அதில் 2004-ஆம் வருடத்து ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸைக் கடைசி மிஷன் வரை முடித்திருக்கிறான். எதைக் கொடுத்தாலும் அதில் சந்தோஷமாக விளையாடுகிறவன். இப்படிச் சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்பதையும் யோசித்தேன். இல்லாதவன் கொஞ்சத்தில் திருப்தி அடைவான், அவனுக்கு அதுவே போதும் என்று பேசுவது இருக்கிறவர்களுக்கு வசதியான பேச்சு. விராலிமலையில் ஷிப்டுக்குப் போகும் பையனுக்கு நல்ல திரையில், திக்காமல், நகரத்துப் பையன் பார்க்கிற அதே சைபர்பங்க்கைப் பார்க்க ஆசை இருந்தால் அது பெரிய ஆசையும் இல்லை, பேராசையும் இல்லை.

தவணை வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். கையிலிருக்கும் காசுக்கு மேல் போய், மீதியை வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்று கடையில் ஆசை காட்டினார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி இருக்கும், கடை அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டும். பிராசஸிங் கட்டணமும், கிரெடிட் கார்டுத் தவணை என்றால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் நம் தலையில் விழும். தொகை பெரிதில்லை. ஆனால் ரொக்கமாக நாற்பதாயிரத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் வருகிற யோசனை, மாதம் மூவாயிரத்துச் சொச்சம் என்று கேட்கும்போது வருவதில்லை.

கடைசியில் நான் சொன்னது இது. இன்றைக்கு நீ விளையாடுவதற்கு, அந்த மாடியறைக்கு, முழு வாட் 4050-உம் நல்ல திரையும் உள்ள மெஷின் போதும். தீபாவளி வரை காத்திருக்காதே. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. வாலரண்டை விட்டுவிட்டுக் கனமான கேம்களில்தான் உன் நேரம் பாதிக்கு மேல் போகும் என்று உனக்கே உறுதியாகத் தெரிந்தால் 1,15,000 கொடு; அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன், காரணம் எதுவும் எழுத வேண்டாம். எதை எடுத்தாலும் வாரண்டியை மூன்று வருடத்துக்கு நீட்டித்துக்கொள். பழுது பார்க்க விராலிமலையில் ஆள் கிடையாது, திருச்சிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஷிப்டை விட்டுவிட்டு எத்தனை தடவை போவாய்? வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா என்று நம் ஊர்ப் பின்கோடைச் சொல்லிக் கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு காசைக் கொடு.