போய் வருதல்



குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்பது எம் முன்னோர் வாக்கு. மொன்றியலுக்கு வடக்கே, லோறன்ஷியன் மலைகளிலுள்ள வால் மொறன் என்ற ஊரில் இவ்வாக்கு மெய்யாகியிருப்பதை எம்மிற் பலர் அறிவர். சுவாமி விஷ்ணுதேவானந்தர் 1962 இல் அங்கு நிறுவிய சிவானந்த ஆச்சிரமத்தின் குன்றிலே சுப்பிரமணியருக்கும் ஐயப்பனுக்கும் ஆலயம் உண்டு. கோடையிலே காவடி எடுத்து, அரோகரா ஒலியுடன் அக்குன்றில் ஏறுகிறோம்.

அதே மலைகளில் குளிர்காலத்தில் வேறொரு கூட்டம் ஏறுகிறது. நோர்வேயில் பிறந்து இங்கு குடியேறிய ஹேர்மன் ஸ்மித் யோஹான்சன் என்பவர், 1930களில் இம்மலையூர்களை இணைத்துக் காட்டினூடே பனிச்சறுக்குப் பாதை வெட்டினார். 1987 இல் தமது 111ஆவது வயதில் காலமானார். அவர் காட்டிய வழியில் இன்று மார்கழி முதல் சித்திரை வரை ஏறுவோர் பலர். முதலில் லோறன்ஷியன், பின்னர் காஸ்பேசியின் சிக் சொக் மலைகள், இளவேனிலில் எல்லைக்கு அப்பால் வாஷிங்டன் மலை என்று அவர்களது பருவம் நகர்கிறது. பல்கலைக்கழகம் செல்லும் எம் பிள்ளைகளும் இப்போது இதில் நாட்டம் கொள்கிறார்கள்.

இது பலரும் அறிந்த, மின்தூக்கியில் ஏறிச் சறுக்கி இறங்கும் விளையாட்டு அன்று. சறுக்குக் கட்டையின் அடியில், பின்னுக்கு வழுக்காத மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்காகத் தம் காலாலே ஏறுகிறார்கள். உச்சியில் அதை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குகிறார்கள். அங்கே காவலர் இல்லை. வெட்டிச் செப்பனிட்ட வழியும் இல்லை.

எனவே வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. “உயிரைக் காப்பாற்றத்தானே இந்த நாட்டுக்கு ஓடி வந்தோம். இப்போது பிள்ளை தானாகவே போய் ஆபத்தைத் தேடுவது நியாயமா?” 1983 இன் பின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒரு தாய் இப்படிக் கேட்டால், அதைப் பழமைவாதம் என்று சிரித்துத் தள்ள முடியாது. மீனவர் புயலுக்கு அஞ்சாமற் கடலுக்குப் போவது குடும்பத்தின் பசிக்காக. இவர்கள் எதற்காகப் போகிறார்கள்?

ஆபத்தும் கற்பனையல்ல. 1999 ஆம் ஆண்டு புத்தாண்டு இரவில், கியூபெக்கின் வடகோடியிலுள்ள கங்கிக்சுவாலுஜ்ஜுவாக் என்ற ஊரில், கொண்டாட்டம் நடந்த பாடசாலை மண்டபத்தின் மீது பனிச்சரிவு விழுந்து 9 பேர் இறந்தனர். மலையேறாத மக்களையே தேடி வந்த சரிவு அது. வாஷிங்டன் மலையில் 1934 இல் மணிக்கு 372 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவு உண்டு.

ஆயினும் பயன் இல்லாத காரணத்தால் மட்டும் ஒரு செயல் தவறாகிவிடாது. சிவனொளிபாதமலையின் 2,243 மீற்றர் உயரத்துக்கு, டிசம்பர்ப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை, முதியோரும் இரவிரவாக ஏறுகிறார்கள். அவர்களுக்கு அங்கே காசு கிடைப்பதில்லை. உடலை வருத்தி உயரத்தில் நிற்கும்போது மனம் சிறிது அடங்குகிறது, அதுவே பயன். பனிமலையில் ஏறும் பிள்ளை தேடுவதும் இதற்கு வெகு தூரமானதன்று என்று நினைக்கிறோம்.

அப்படியானால் சரி பிழையை எதனால் அளப்பது? எம் சமயமே ஒரு அளவுகோல் தருகிறது. திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டதும் தாமும் உயிர்விடத் துணிந்தவர், தம்பி மருணீக்கியாருக்காக உயிரைத் தாங்கிக்கொண்டார். அந்தத் தம்பியே எமக்கு அப்பர் ஆனார். ஒருவருடைய உயிர் அவருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

மலையேறுவோரின் நல்ல வழக்கமும் இதையே சொல்கிறது. ஒவ்வொருவரும் மார்பில் சமிக்ஞைக் கருவி ஒன்றைக் கட்டி, முதுகில் மண்வெட்டியும் மடிக்கும் நீள்கோலும் சுமக்கிறார்கள். பனியில் புதைந்தவருக்குத் தம் மண்வெட்டியால் தமக்கு ஒரு பயனும் இல்லை. அது தோழருக்காகச் சுமக்கும் சுமை. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பின் வேகமாகக் குறைகிறது. அதற்குள் எந்த அம்புலன்சும் வராது. அருகில் நிற்பவர்தான் தோண்ட வேண்டும். கூட்டாளியை அறியாமல் போவதும், பயிற்சியின்றிப் போவதும் தன்னை மட்டும் பாதிக்கும் பிழைகள் அல்ல.

எல்லாவற்றிலும் கடினமானது திரும்புதல். மரத்தின் நுனிக்கொம்புவரை ஏறியவர் அதற்கு மேலும் ஏற முனைந்தால் உயிருக்கே முடிவாகும் என வள்ளுவர் வலியறிதலில் எச்சரிக்கிறார். 1955 மே 25 அன்று ஜோ பிரவுண், ஜோர்ஜ் பாண்ட் என்ற இருவர் 8,586 மீற்றர் உயரமான கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறினார்கள். அம்மலையைத் தெய்வமாக வணங்கும் சிக்கிம் மக்களுக்கு அளித்த வாக்கை மதித்து, உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்று திரும்பினார்கள். அவர்கள் வென்றவர்கள் அல்லர் என்று உலகம் சொல்லவில்லை.

“அப்பர் கயிலைப் பாதையில் திரும்ப மறுத்தாரே” என்று ஓர் இளைஞர் கேட்கலாம். உண்மைதான். கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டும் போனார். ஆனால் அவர் அனைத்தையும் துறந்த துறவி. அவருக்கும் இறைவன் ஆணை திரும்புவதாகவே இருந்தது. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்த இடத்திலேயே கயிலைக் காட்சி கிடைத்தது. ஏறி முடிப்பவருக்கே தரிசனம் என்ற விதி எம் சமயத்தில் இல்லை.

ஆதலால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “போகாதே” என்று மட்டும் சொன்னால் பிள்ளை சொல்லாமற் போகும், அதுவே பேராபத்து. யாரோடு போகிறாய், பயிற்சி எடுத்தாயா, இன்றைய பனிச்சரிவு அறிக்கை என்ன சொல்கிறது, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேளுங்கள். சிக் சொக் மலைகளுக்கு அவலாஞ் கியூபெக் என்ற நிறுவனம் குளிர்காலத்தில் அறிக்கை வெளியிடுகிறது. பிள்ளைகளுடன் சேர்ந்து அதை வாசியுங்கள். இளைஞர்களே, குறித்த நேரத்தில், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்புங்கள். வீட்டில் ஒருவர் விழித்திருக்கிறார்.

எம் வீடுகளில் வெளியே புறப்படுபவர் “போறன்” என்று சொல்வதில்லை; “போயிட்டு வாறன்” என்றே சொல்வார். வழியனுப்புபவரும் “போயிட்டு வா” என்பார். அந்தச் சொல்லுக்குள் ஒரு வாக்குறுதி இருக்கிறது. அதைக் காப்பாற்றும் மனத்தோடு ஏறுபவர் எந்த மலையிலும் ஏறலாம். குன்றுதோறாடும் குமரன் அவர்களை வீடு சேர்ப்பானாக.