வழக்கில் இல்லாத குதிரை

மரக்காணத்து உப்பளங்களில் தை பிறந்தால் வேலை தொடங்கும். ஐப்பசி மழை இறங்கும்வரை ஓடும். மிதித்து இறுக்கிய பாத்தியில் உவர்நீர் பாய்ச்சுவார்கள். வெயில் அதைக் குடித்து முடித்ததும் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பார்கள். பாதம் வெடித்து, அந்த வெடிப்பில் உப்பு ஏறி எரிகிற தொழில். இந்தக் கரையில் குதிரைக்கு வேலையும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. ஆனால் விடியற்காலை இருட்டில் அளத்துக்குப் போகிறவரை வழியில் விரியன் தீண்டிவிட்டால், ஆஸ்பத்திரியில் அவர் கையில் ஏற்றும் மருந்து ஏதோ ஒரு குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததாக இருக்கும்.

இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வடநெம்மேலி. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிற இடம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் எடுக்கிற நஞ்சு அங்கிருந்து மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே அதைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றுகிறார்கள். அதன் உடம்பில் எதிர்ப்பொருள் ஊறியதும் கழுத்துச் சிரையில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறார்கள். எந்தக் குதிரையும் இதற்குச் சம்மதம் சொல்லவில்லை. ஊசியும் வலியும் அலுப்பும் அதற்கு உண்டு. ஆனாலும் இது தவறு என்று சொல்ல மரக்காணத்தில் யாருக்கும் மனம் வராது. வரவும் வேண்டியதில்லை. மறுபக்கம் இருப்பது ஒரு மனித உயிர். இன்றைக்குக் கையில் வேறு மருந்து இல்லை. குதிரையைப் பட்டினி போடாமல், ரத்தத்தை வற்ற வற்ற உறிஞ்சாமல், நல்லபடி வைத்துக்கொண்டே இதைச் செய்ய முடியும். அப்படி வைத்துக்கொள்ளாத இடங்களைக் கண்டிக்கவும் முடியும்.

இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டுதான் பந்தயக் குதிரையைப் பார்க்க வேண்டும். எதற்காக, வேறு வழி உண்டா, பாரத்தைக் குறைக்க முடியுமா?

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. 1974இல் தி.மு.க. அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஏழைக் குடும்பங்களின் கூலி சூதில் போகிறது என்பது அதன் நியாயம். அது நேர்மையான நியாயம். சம்பள நாளில் கிண்டிப் பந்தயத் திடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களின் வீடுகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. குதிரையின் வேகம், தாக்குப்பிடிக்கும் வலு, ஜாக்கியின் கைத்தேர்ச்சி, பயிற்சி எல்லாம் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். பிறகு 2024இல் வாடகை பாக்கியைச் சொல்லி ஊட்டிப் பந்தய மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியின் சுமார் 160 ஏக்கர் குத்தகையையும் ரத்து செய்தது. உடனே அதுவும் நீதிமன்றத்துக்குப் போனது.

முதல் முறை பேச்சு சூதைப் பற்றி. இரண்டாம் முறை, திறமையா அதிர்ஷ்டமா என்பதைப் பற்றி. மூன்றாம் முறை நிலத்தையும் வாடகையையும் பற்றி. குதிரை ஒரு முறையும் வழக்கின் பொருளாகவில்லை. இத்தனைக்கும் அதன் திறமையை நீதிமன்றமே கணக்கில் எடுத்துக்கொண்டது. ஓடுகிறவன் திறமைசாலி என்றால், ஓடுவதால் அவனுக்கு என்ன ஆகிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

என்ன ஆகிறது என்பதைக் காலில் பார்க்கலாம். பந்தயக் குதிரையின் எடை 450 முதல் 500 கிலோ. முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும் குளம்பும்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் அதன் மொத்த எடையைவிட இரு மடங்குக்கும் மேலான சுமை ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. அந்த எலும்பு நொறுங்கினால் மனிதனைப்போலக் கட்டுப் போட்டுப் படுக்க வைக்க முடியாது. குதிரையால் வாரக்கணக்கில் படுத்திருக்க முடியாது. நின்றால் மற்ற கால்கள் கூடுதல் பாரம் சுமந்து, அவற்றின் குளம்புக்குள் அழற்சி கண்டு அவையும் கெடும். அதனால்தான் பந்தயத் திடலிலேயே திரை கட்டி மறைத்து ஊசி போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அந்த நிலையில் அது கருணைதான். அந்த நிலைக்குக் கொண்டுவந்தது கருணை அல்ல.

சாட்டை வேறு. குதிரைத் தோல் தடிப்பானது, அதற்கு உறைக்காது என்பது நெடுநாள் நம்பிக்கை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் அதைப் பொய்யாக்கினார்கள். வலியை உணரும் மேல்தோல் நமக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. நரம்பு நுனிகளும் குறைவில்லை.

கிண்டியில் ஓடுவது சமதளப் பந்தயம். தடை தாண்டும் பந்தயம் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பிரான்சிலும் கொடிகட்டிப் பறக்கிறது. அங்கே குதிரை சாகும் விகிதம் சமதளப் பந்தயத்தைவிடப் பல மடங்கு. லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஏய்ன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் சுமார் 6.9 கிலோமீட்டர், 30 தடைகள். 2023 ஏப்ரலில் அனிமல் ரைசிங் என்ற அமைப்பினர் வேலியேறி உள்ளே நுழைந்தார்கள். 118 பேர் கைதானார்கள். பந்தயம் கால்மணி நேரம்போலத் தாமதமாகத் தொடங்கியது. முதல் தடையிலேயே ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை விழுந்து செத்தது. தாமதத்தாலும் கூச்சலாலும் குதிரை மிரண்டுவிட்டது, பழி போராட்டக்காரர்களுக்கே என்றார் அதன் பயிற்சியாளர். தடையை வைத்தவர்கள் மேல்தான் பழி என்றார்கள் அவர்கள்.

இதில் இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மிரளும் மிருகத்தின் அருகே கலவரம் செய்வது, அந்த மிருகத்துக்காகவே என்றாலும், சரியல்ல. அதன் அச்சம் எந்தக் கட்சிக்கும் ஆயுதமாகக் கூடாது. ஆனால் அந்தப் பயிற்சியாளரின் வாதத்தை அப்படியே ஏற்றாலும் எங்கே கொண்டுபோய் விடுகிறது? கால்மணி நேரத் தாமதம் ஒரு குதிரையின் உயிரைக் குடிக்கும் அளவுக்கு அந்தப் பந்தயம் நூலிழையில் நிற்கிறது என்றல்லவா? அடுத்த ஆண்டே 40 குதிரைகளை 34 ஆகக் குறைத்தார்கள். முதல் தடையைப் புறப்படும் இடத்துக்கு நெருக்கமாக்கி, அதுவரை எடுக்கும் வேகத்தைக் குறைத்தார்கள். தடைகளின் உள்ளே இருந்த மரக்கட்டைகளை அதற்கும் பத்தாண்டு முன்பே மாற்றியிருந்தார்கள். மாற்ற முடிந்ததென்றால் முன்பு செத்தவை சாகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் தடையை எவ்வளவுதான் தாழ்த்தினாலும், விழலாம் என்ற பதைப்புதான் அந்தப் பந்தயத்தின் ருசி. அதை முழுதும் எடுத்துவிட்டால் பார்க்க ஆள் வராது. ஆபத்தே சரக்காக விற்கும் விளையாட்டில் பாரத்தைக் குறைக்க ஓர் எல்லைக்கு மேல் வழியில்லை. ஆகவே தடை தாண்டும் பந்தயத்துக்கு அறத்தின் பக்கமிருந்து எந்த ஆதரவும் தர முடியாது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் 1997இல் அதைக் கைவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் முடிந்துவிட்டது. விக்டோரியாவில் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

சமதள ஓட்டத்தைப் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதில் தீராது. குதிரை ஓடப் பிறந்தது என்பார்கள். உண்மைதான், திறந்த வெளியில் விட்டால் தானாக ஓடும், களைத்தால் தானாக நிற்கும். நிற்கும் உரிமைதான் பந்தயத்தில் பறிபோகிறது. பந்தயம் இல்லாவிட்டால் இந்தக் குதிரை இனமே இருக்காது என்பது இன்னொரு வாதம். இனம் என்பது ஒரு பெயர், அதற்கு வலிக்காது. வலிப்பது லாயத்தில் நிற்கிற இந்தக் குதிரைக்கு. இதைச் சொல்லும்போது ஜல்லிக்கட்டை மட்டும் தனியே எடுத்துப் பரணில் வைத்துவிட முடியாது. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் நாகராஜா தீர்ப்பு அதைத் தடுத்தது. 2017இல் மெரினாவில் கூடிய இளைஞர்கள் நாட்டு மாட்டினத்தின் பெயரால் அதை மீட்டார்கள். 2023இல் அரசியல் சாசன அமர்வு தமிழகத்தின் திருத்தச் சட்டத்தை ஏற்றது. அந்தக் கூட்டத்தின் உணர்ச்சி பொய்யல்ல. ஆனாலும் மாட்டின் வாலை முறுக்குவதும் கண்ணில் எதையாவது தடவுவதும், நம்முடையது என்பதால் வேறாகிவிடாது. வெள்ளைக்காரன் விட்டுப்போன விளையாட்டு என்று குதிரைக்கு ஒரு தராசும், பாட்டன் விளையாட்டு என்று காளைக்கு இன்னொரு தராசும் பிடிப்பது நியாயமில்லை. ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளலாம். வாடிவாசலைத் தாண்டிய காளை அன்று மாலை தன் வீட்டுக்குத் திரும்புகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது. தோற்ற பந்தயக் குதிரைக்கு அப்படி ஒரு வீடு இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

கேள்வியின் முடிச்சு அங்கேதான். இந்தக் கடற்கரைக்குக் குதிரை அன்று தொட்டே கப்பலில் வந்த சரக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கே காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளைப் பணம் கொட்டிக் கொடுத்து வாங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றில் மிகச் சிலவே மிஞ்சியதையும் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் வரவிடவில்லை, செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்கிறார். பயணியின் எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் குதிரையின் சாவில் ஒருவருக்கு லாபம் இருக்கும்வரை அதைக் காப்பாற்ற யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பதில் மிகை எதுவும் இல்லை.

இன்றைய பந்தயக் குதிரை இரண்டு வயதில், எலும்பு முழுதும் முற்றுமுன்பே, ஓடத் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. அதன் ஆயுளோ இருபத்தைந்து முப்பது ஆண்டு. ஓடுகிற காலத்தில் ஏசியும் தண்ணீர்க் குழாயும் வைத்தியரும் கிடைக்கலாம். அதைக் காட்டித்தான் பந்தயத்துக்கு ஆதரவாகப் பேசுகிறார்கள். ஓய்ந்த பிறகு? இனப்பெருக்கப் பண்ணைக்குப் போகிறவை கொடுத்துவைத்தவை. சில சவாரிப் பள்ளிக்குப் போகும். சில கல்யாண ஊர்வலத்தில் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே நிற்கும். சில கடற்கரையில் சுடுமணலில் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று சுமக்கும். அதை வாங்கியவர் கெட்டவர் அல்ல, பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சி. குதிரைக்கு ஒரு நாளைக்கு ஆகும் தீனிச் செலவு அவர் குடும்பச் செலவைவிடக் கூட இருக்கலாம். கோடிகளில் புரண்டவர் கைகழுவிய கடமை இப்படிப் படியிறங்கி, அதைத் தாங்க முடியாதவர் தலையில் விழுகிறது. குதிரை இளைத்தால் போலீசில் மாட்டுபவரும் அவர்தான். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதத்தின் உச்சவரம்பு 50 ரூபாய். லாயத்தின் முதல் முதலாளியைத் தேடிப்போக அந்தச் சட்டத்தில் வழி இல்லை.

அதனால் கிண்டி மூடினால் அறம் வென்றது என்று கொண்டாடவும் முடியவில்லை. நிலம் குளமாகலாம், பூங்காவாகலாம், ஊருக்கு நல்லதுதான். லாயத்தில் தலைமுறையாகக் குதிரை தேய்த்துக் குளிப்பாட்டிய குடும்பங்களுக்கு மாற்று வேலை வேண்டும். மழை மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் உப்பளத்தாரைக் கேட்டால், பிழைப்பு நின்றுபோவது என்றால் என்னவென்று சொல்வார்கள். நிற்கிற குதிரைகளோ இன்னும் இக்கட்டில். வருமானம் தராத குதிரையை உடைமையாளர் எவ்வளவு நாள் வைத்திருப்பார்?

ஓட்டம் தொடர வேண்டுமானால் வயது வரம்பு உயர வேண்டும், சாட்டை போக வேண்டும், ஒவ்வொரு குதிரையும் சாகும்வரை முதல் உடைமையாளரின் பொறுப்பில் பதிவாகியிருக்க வேண்டும். இதற்குக் கட்டுப்படியாகாது என்று பந்தயக் கிளப்புகள் சொன்னால், அந்தப் பதிலையே பந்தயத்துக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டு படிப்படியாக மூடலாம். அப்போதும் முதலில் குதிரைகளுக்கு இடம், பிறகு கதவுக்குப் பூட்டு என்ற வரிசை மாறக் கூடாது. பணம் எங்கே என்று அரசு கேட்க முடியாது. பந்தயத்தில் கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது; 2025 செப்டம்பரில் அது 40 சதவீதம் ஆனது. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடைமையாளரைப்போல அரசும் பங்காளி. அந்த வரியில் ஒரு பகுதியை ஓய்ந்த குதிரைகளின் தீனிக்கும் வைத்தியத்துக்கும் என்று எழுதிவைக்க ஓர் அரசாணை போதும்.