அழைக்காத வீட்டில் விருந்து

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து உணவுக்கு அமர்ந்தபோது, சென்னையிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் மகன் மெல்லத் தொடங்கினான். "அத்தா, வருகிற நோன்புப் பெருநாளைத் தீவில் கொண்டாடினால் என்ன? மாலத்தீவு, இல்லையென்றால் இலட்சத்தீவு." பேரன் அதற்குள் தொலைபேசியில் நீலக் கடலும் வெண்மணலும் நிறைந்த படங்களை என் கண்முன் நீட்டினான். என் மனைவியோ, "கடலைப் பார்க்க நாகூர் போதாதா?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, குழம்பு ஊற்றப் போய்விட்டாள்.

ஊர் சுற்றுவது வீண் செலவு என்று தள்ளிவிடும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பூமியில் சுற்றித் திரிந்து பாருங்கள் என்று திருமறை ஒருமுறையல்ல, பலமுறை சொல்கிறது. ஆகவே போகலாமா, கூடாதா என்பதன்று என் ஐயம். நாம் அங்கே யாராகப் போகிறோம் என்பதே என் ஐயம். விருந்தாளியாகவா, வாடிக்கையாளராகவா? விருந்தாளிக்கு மூன்று நாள் உரிமையுண்டு. அதற்கு மேல் தங்கி வீட்டுக்காரரை இக்கட்டில் ஆழ்த்தலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுக்கம். அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் பிறர் இல்லத்தில் நுழையாதீர் என்கிறது ஸூரத்துந் நூர். இவையெல்லாம் வீட்டுக்குத்தான் பொருந்துமா? மூன்றாயிரம் பேர், ஐயாயிரம் பேர் மட்டும் வாழும் ஒரு சிறு தீவு, ஒருவகையில் ஒரே வீடுதானே?

அழைத்தவர் யார் என்று மகனைக் கேட்டேன். "விளம்பரம் அழைக்கிறதே, அத்தா" என்றான். சிரித்துவிட்டேன். ஆயினும் அந்தச் சிரிப்பில் விடை இல்லை.

இந்தத் தீவுகளுக்கு முன்பொரு விருந்தாளி போனார். நம்மவர் போற்றும் பெரும்பயணி இப்னு பதூதா. 1343-இல் மாலத்தீவில் இறங்கியவரை அம்மக்கள் வரவேற்று, காஜியாகவே அமர்த்தினார்கள். பெண்மக்களை அவர் வழுத்திப் போற்றினாலும், அவர்களது உடை முறையை மாற்ற ஆணையிட்டார். அவ்வாணை பலிக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அங்கே மணம் புரிந்தார், அமைச்சரோடு பிணங்கினார், 1344-இல் வெளியேறினார். இலங்கை வழியாக நம் தமிழகக் கரையை அடைந்து, மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீனிடம் வந்தவர், உண்ட வீட்டின் மீதே படை அனுப்புவது குறித்துப் பேசினார்! சுல்தான் இறந்ததால் அது நடக்கவில்லை. இதை ஒளிக்காமல் பதிந்த அவரது நேர்மையை மெச்சுகிறேன். ஆனால், கல்வியும் மார்க்க அறிவும் நிரம்பிய ஒருவருக்கே விருந்தாளியின் எல்லை மறந்துபோனதென்றால், பத்து நாள் விடுப்பும் கைநிறையப் பணமுமாய்ச் செல்லும் நாம் எம்மட்டு?

மாலத்தீவு இதற்கொரு வழி கண்டது. 1972-இல் குரும்பா என்னும் தீவில் முதல் உல்லாச விடுதி திறந்தது. அதன்பின் நெடுங்காலம், குடிகள் வாழும் தீவு வேறு, பயணிகள் தங்கும் தீவு வேறு என்பதே அந்நாட்டின் ஏற்பாடு. மது அங்கே கிடைக்கும், இங்கே கிடையாது. 2009-க்குப் பிறகே ஊர்த்தீவுகளில் சிறு விடுதிகள் நடத்த வழி திறந்தது. முதலில் இதைப் படித்தபோது, ஈமானையும் வருமானத்தையும் ஒருங்கே காத்த சாமர்த்தியம் என்று வியந்தேன். பின்னர் ஐயம் எழுந்தது. அந்த விடுதியில் தட்டேந்தும் இளைஞன் யார்? ஊர்த்தீவின் பள்ளிவாசலில் தந்தையோடு தொழுதவன் அல்லவா? விருந்தாளியின் கண்ணில் படாதபடி வீட்டுக்காரனை அப்பால் நிறுத்திவிட்டு நடக்கும் விருந்துக்கு என்ன பெயர் வைப்பது?

"நீங்கள் சொல்கிறபடி எல்லாரும் எண்ணினால் அவர்கள் பட்டினி கிடப்பார்கள், அத்தா. மீனையும் தென்னையையும் விட்டால் அவர்களுக்கு வேறென்ன இருக்கிறது?" என்றான் மகன். நியாயமான கேள்வி. சூரை மீன் பிடித்து மாசிக்கருவாடு விற்று வாழ்ந்த நாட்டுக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பெரும்பாலும் பயணிகள் பணத்தால் வந்தவை. அதை மறுப்பது வயிறு நிறைந்தவனின் வேதாந்தம். ஆனால், விலை கொடுத்தேன் என்பதும் அழைக்கப்பட்டேன் என்பதும் ஒன்றாகுமா?

இதை அரியலூர்க்காரனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நாம் நிற்கும் இந்த மண்ணே ஒரு காலத்தில் கடல். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லை உடைத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிப்பிகள் அடுக்கடுக்காய்க் கல்லாகி இருக்கும். அச்சிப்பிகளே சிமெண்டாகி நாடெங்கும் மாடிகளாய் நிற்கின்றன. நம்மிடம் பள்ளங்கள் நிற்கின்றன. வேலையும் கூலியும் வந்தன, மறுக்கவில்லை. காரை, குளக்கல்நத்தம் பக்கத்து ஓடைகளில் கல்நத்தைகளைப் பார்க்க வருவோர், ஒன்றிரண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவதையும் கண்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். இதற்கு உரியவர் ஒருவர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுப்பது பாறை; பாறை போனால் தீவு போகும். மாலத்தீவின் நிலம் கடல்மட்டத்துக்கு மேல் சராசரி ஒன்றரை மீட்டர்தான். 1998-இல் கடல்நீர் சூடேறி அங்கும் இலட்சத்தீவிலும் பவளங்கள் வெளுத்து மடிந்தன. அழகென்று நாம் படம் பிடிக்கும் ஆழமற்ற நீலநீர், அவர்களுக்குக் கோட்டைச் சுவரின் உட்பக்கம்.

குடிநீரின் கதையும் இதுவே. பவளத்தீவில் ஆறில்லை. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு கரித்துவிடும். கவரத்தித் தீவில் 2005-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், நாளுக்கு ஒரு இலட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்த பின்னரே அங்கு மூச்சு வந்தது. 2014 டிசம்பரில் மாலே நகரின் நிலையத்தில் தீப்பிடித்தபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப நேர்ந்தது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்கு நீரை வீணாக்கலாகாது என்று மதரஸாவில் ஓதித் தந்தார்கள். ஆறே இல்லாத இடத்தில் நீச்சல்தொட்டி கேட்போமா?

இவ்வளவும் பேசிய பின் இலட்சத்தீவு என்று முடிவாயிற்று. 36 தீவுகள், மொத்தம் 32 சதுர கிலோமீட்டர். நம் அரியலூர் மாவட்டத்தில் அறுபதில் ஒரு பங்கு. பத்துத் தீவுகளில் மட்டுமே குடிகள். 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதிச்சீட்டு இல்லாமல் வெளியார் காலெடுத்து வைக்க இயலாது. இந்த விதி சிலருக்கு எரிச்சல். எனக்கோ அது, கதவருகே நின்று ஸலாம் சொல்லக் கிடைத்த இடமாகத் தோன்றிற்று. பெருநாள் தொழுகையைத் தீவுச் சகோதரர்களோடு ஒரே ஸஃப்பில் தொழலாமே என்ற ஆசையும் எனக்குப் பிறந்துவிட்டது. இதைவிட நல்ல பயணம் எது என்று மகனிடமே பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் கொச்சியில் இருக்கும் பழைய நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் வாழ்த்திவிட்டு, "பெருநாளைக்கு முந்திய வாரமா?" என்று மட்டும் கேட்டார். தீவுப் பிள்ளைகள் பலர் கேரளத்தில்தான் படிக்கிறார்கள். பெரிய நோய்க்குச் சிகிச்சையும் அங்கேதான். பெருநாள் நெருங்கினால் எல்லாருக்கும் வீடு போக வேண்டும், கப்பல்களோ எண்ணக்கூடியவை. அகத்தித் தீவில் இறங்கும் விமானமும் சிறியது. இடம் கிடைக்கவில்லை என்ற முறையீடு அம்மக்களிடம் பலகாலமாக உண்டு.

நாங்கள் ஆறு பேர். அந்த ஆறு இருக்கையில், தாயோடு பெருநாள் கஞ்சி குடிக்கப் புறப்பட்ட ஒரு மாணவனோ, மருத்துவமனையிலிருந்து திரும்பும் ஒரு முதியவரோ அமர்ந்திருக்கக்கூடும். நான் அவர்களோடு தொழ ஆசைப்பட்டதே அவர்களைத் தொழவொட்டாமல் தடுக்குமானால்?

மகனிடம் சொன்னேன். அவன் முகம் வாடிற்று. பெருநாளை விட்டால் அவனுக்கு விடுப்பு இல்லை. மே முடிந்தால் பருவமழை, கடல் கொந்தளிப்பு. இனி அக்டோபர்தான். "அதுவரை என் அலுவலகம் என்ன சொல்லுமோ, அத்தா" என்றவன், சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு நாட்காட்டியை எடுத்து அக்டோபர்ப் பக்கத்தைப் புரட்டினான். பேரன் இன்னும் என்னோடு பேசவில்லை.