படிப்பா, வேலையா?

பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்க ஐரோப்பாவுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது என்னைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களுக்கு மார்கழி மாத வேலை. கடிதத்தோடு முடிவதில்லை. பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பைத் திறந்தால் கட்டம் போட்ட படிவம் ஒன்று வரும். கணிதத் திறன், சுயசிந்தனை, விடாமுயற்சி, ஆங்கிலத்தில் எழுதும் ஆற்றல் என்று இடது பக்கம் வரிசையாக இருக்கும். நீங்கள் இதுவரை கற்பித்தவர்களில் இவர் முதல் 1 சதவீதத்தில் வருவாரா, 5-லா, 10-லா, 25-லா என்று வலது பக்கம் கேட்பார்கள். 25-ல் டிக் அடித்தால் அந்தப் பிள்ளையின் கதை அதோடு முடிந்தது. அதனால் விண்ணப்பிக்கிறவர்கள் எல்லாருமே முதல் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். வகுப்பில் புள்ளியியல் நடத்துகிறவர்கள்தான் இந்த டிக்கையும் அடிக்கிறோம்.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. ஆள் எடுப்பவருக்கு எதிரே நிற்பவரின் திறமை தெரியாது. திறமை உள்ளவருக்கு எளிதாகவும் இல்லாதவருக்குக் கடினமாகவும் இருக்கிற ஏதாவது ஒன்றை அவர் அடையாளமாக வைத்துக்கொள்கிறார். இந்தச் சிந்தனைக்காக 2001-ல் ஸ்பென்ஸுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எம்.ஏ. வகுப்பில் இதைப் பலகையில் படம் போட்டு விளக்குவோம். பொருளாதார அறிஞர்கள் தங்களுக்கு வாரிசு தேடும்போது நடப்பதும் அப்படியே இதுதான். ஜி.ஆர்.இ. தேர்வின் கணிதப் பகுதியில் 170-க்கு எவ்வளவு, மெய்ப் பகுப்பாய்வு என்கிற கணிதப் பாடத்தை எடுத்திருக்கிறாரா, கடிதம் எழுதியவர் யார் என்று பார்க்கிறார்கள்.

மூன்றாவதில்தான் எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். பான் நகரத்திலோ துலூஸிலோ உட்கார்ந்திருக்கும் தேர்வுக்குழுவுக்கு என் பெயரும் தெரியாது, எங்கள் கல்லூரியும் தெரியாது. ஆகவே எம்.ஏ. முடித்தவுடன் விண்ணப்பிக்காமல், பெயர் தெரிந்த பேராசிரியர் ஒருவரின் திட்டத்தில் ஓரிரு ஆண்டுகள் ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் இதற்கு ஒரு வாசல் உண்டு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2003-ல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஜே-பால் ஆய்வகத்தின் தெற்காசியப் பிரிவு சென்னையில் ஐ.எஃப்.எம்.ஆர். என்கிற ஆய்வு நிறுவனத்தில்தான் காலூன்றியது. கையில் டேப்லெட்டோடு ஊர் ஊராகக் கணக்கெடுப்புக்குப் போய், ராத்திரி விடுதி அறையில் தரவைச் சுத்தம் செய்கிற வேலை. அதில் தேறுகிறவர்களுக்கு, தேர்வுக்குழுவுக்குத் தெரிந்த ஒரு பெயரிலிருந்து கடிதம் கிடைக்கிறது. நியாயமான ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனால் வழி என்று ஒன்று இருக்கிறது.

என்னை யோசிக்க வைப்பது இவை எதுவும் இல்லை, எஸ்.ஓ.பி. என்கிற நோக்க அறிக்கைதான். ஏன் இந்தப் படிப்பு, என்ன ஆராயப் போகிறீர்கள், ஏன் எங்களிடம் என்பதை ஒன்றிரண்டு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும். என் மாணவி ஒருத்தி கரூர்க்காரி. அப்பா படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சரக்கெல்லாம் ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. அவள் எழுதிய முதல் வரைவு, ‘சிறு வயதிலிருந்தே தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு’ என்கிற மாதிரி தொடங்கியது. தேர்வுக்குழுவுக்குத் தறிச் சத்தம் வேண்டாம் என்றேன். ஒரு கேள்வி, அதை யார் யார் ஏற்கெனவே தொட்டிருக்கிறார்கள், எந்தத் தரவு, எந்த முறை, இவ்வளவுதான் வேண்டும். அடித்துத் திருத்தி எழுதி வந்தாள். இரண்டாம் வரைவு கச்சிதமாக இருந்தது. ஏற்றுமதி ஆர்டர் தாமதமானால் கூலி எந்த விதமாக ஏறி இறங்குகிறது என்பது அவள் கேள்வி. படித்துக்கொண்டிருக்கும்போதே அவளே கேட்டாள்: “மேம், ரெண்டு வருஷம் கழிச்சு எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்காமப் போச்சுன்னா?”

இருபத்து மூன்று வயதில் அடுத்த ஐந்து ஆறு ஆண்டுகளுக்கு எதை நினைத்துக்கொண்டு தூங்கி எழப்போகிறோம் என்பதை ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? முதலாண்டில் மாஸ்-கோலெலும் இன்னும் இருவரும் எழுதிய, ஏறக்குறைய ஆயிரம் பக்க நுண்பொருளியல் நூலோடு மல்லுக்கட்டி முடித்த பிறகு, பலருக்கு எழுதிக்கொடுத்த கேள்வி ஞாபகத்திலேயே இருப்பதில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு யாரும் கணக்குக் கேட்பதும் இல்லை. உறுதி இல்லாத இடத்தில் உறுதியாகப் பேசத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள், அவ்வளவே.

இந்த விஷயத்தில் ஐரோப்பா கொஞ்சம் நேர்மையாக நடந்துகொள்கிறது என்பது என் எண்ணம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் முதலில் எம்.ரெஸ். என்கிற இரண்டு ஆண்டு ஆய்வு முதுகலை, தேறினால் மேலே முனைவர் ஆய்வு. மாட்ரிட்டில் செம்ஃபி என்று சிறிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் இரண்டு ஆண்டு முதுகலை முடித்துத்தான் அடுத்த கட்டம். இந்த ஒழுங்கு அங்கே பழங்காலத்திலிருந்து வந்ததும் இல்லை. முன்பெல்லாம் ஒரு பேராசிரியரின் கீழே போய்ச் சேர்ந்து, அவர் நிழலில் எழுதி முடிப்பதுதான் வழக்கம். அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர்கள் அதை மாற்றினார்கள். ழான்-ழாக் லாஃபோன் ஹார்வர்டில் பட்டம் பெற்றுத் துலூஸுக்குத் திரும்பினார். எம்.ஐ.டி.யில் படித்துக் கற்பித்தும் வந்த ழான் திரோல் பின்னால் அவரோடு சேர்ந்தார். 2014-ல் நோபல் பெற்றபோதும் துலூஸில்தான் இருந்தார். மேலே சொன்ன ஆயிரம் பக்க நூலின் மாஸ்-கோலெல் கட்டலோனியாக்காரர். மினசோட்டாவில் ஆய்வு முடித்து, பெர்க்லியிலும் ஹார்வர்டிலும் கற்பித்து, நூல் வெளிவந்த அதே 1995-ல் பார்சிலோனாவுக்கே வந்துவிட்டார். அமெரிக்கப் பாணியை எடுத்து வந்தாலும், நடுவில் ஒரு முதுகலைப் பட்டத்தை ஐரோப்பா தனக்கென்று வைத்துக்கொண்டது. இரண்டு ஆண்டு கழித்து, இது நமக்கு ஆகாது என்று தெரிந்தால் பட்டத்தோடு கிளம்பலாம். அமெரிக்காவிலும் பாதியில் விலகுகிறவர்களுக்கு எம்.ஏ. தருவார்கள். ஆனால் அங்கே அது விட்டுப்போனவருக்குத் தரும் ஆறுதல். ஐரோப்பாவில் அது ஏணியில் ஒரு படி.

இதையெல்லாம் அவள் அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “இது படிப்புங்களா, வேலைங்களா மேடம்?”

கணக்கு எழுதுகிறவர் சரியான இடத்தில் கை வைத்தார். பதில் நாட்டுக்கு நாடு மாறும். சுவீடனில் முனைவர் பட்ட ஆய்வாளர் பல்கலைக்கழகத்தின் ஊழியர். மாதச் சம்பளம், வரிப்பிடித்தம், பிள்ளை பெற்றால் விடுப்பு எல்லாம் உண்டு. காலியிடத்தை வேலைக்கு ஆள் தேவை என்பது போலவே அறிவிப்பார்கள். நார்வேயிலும் டென்மார்க்கிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. ஜெர்மனியில் இரண்டும் கலந்திருக்கிறது. ஆய்வுப் பள்ளியில் உதவித்தொகையோடு சேரலாம்; இல்லாவிட்டால் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேர உதவியாளராக, அரசுச் சம்பள விகிதத்தில் சேர்ந்து அவருடைய பாடங்களுக்கு விடைத்தாள் திருத்தியபடியே ஆய்வும் செய்யலாம். பிரிட்டனில் மாணவர்தான். கட்டணம் உண்டு, அதை யார் கட்டுவது என்பது உதவித்தொகைக் கடிதத்தில் இருக்கும். முதுகலைக் கட்டத்தில் உதவித்தொகை எல்லா இடத்திலும் உறுதி கிடையாது. நான் மெச்சிய அந்த நடுப்படிக்கு இங்கேதான் விலை ஒளிந்திருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுக்குக் கைக்காசு போட வேண்டியிருந்தால், ‘பிடிக்காவிட்டால் வந்துவிடலாம்’ என்கிற சுதந்திரம் கரூர் வீட்டுக்கு ஒரு கல்விக் கடனாகத்தான் வந்து சேரும். கேள்வியை மாற்றிக்கொள்ளலாம், வங்கித் தவணையை மாற்ற முடியாது.

இந்த நெருக்கடி புதிதும் இல்லை. அம்பேத்கர் 1913-ல் கொலம்பியாவுக்குப் போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில். திரும்பி வந்து 10 ஆண்டு பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1916-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்தவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் அடுத்த ஆண்டே பாதியில் திரும்பினார். பம்பாய் சிடனம் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜும் உதவினார். 1920-ல் மறுபடி கப்பலேறி, 1923-ல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. என்கிற முனைவர் பட்டம் பெற்றார். அவருக்குக் கேள்வியில் தடுமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. காலத்துக்கு யார் பணம் தருவது என்பதுதான் ஆய்வை நடுவில் அறுத்தது.

இங்கே நாங்கள் முனைவர் பட்டம் வாங்கிய விதத்தைச் சொன்னால் என் மாணவி சிரிப்பாள். கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, பகுதிநேரமாக, பதவி உயர்வுக்கும் ஊக்க ஊதியத்துக்குமாக எழுதியவர்கள்தான் எங்கள் தலைமுறையில் அதிகம். படிப்பா வேலையா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. வேலைதான் என்று எல்லாருக்கும் தெரியும். இன்று முழுநேரமாகச் செய்கிறவருக்கு ஜே.ஆர்.எஃப். என்கிற அரசு ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். சென்னையில் தனியாக இருப்பவருக்கு அது மோசமில்லாத தொகை. கிடைக்காதவர் நிலைமையைப் பேச இன்னொரு கட்டுரை வேண்டும்.

இடம் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை உதவித்தொகையோடு இடம் தந்தால், ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல அவகாசம் தருவதாகத் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பாவுக்கு அப்படிப் பொதுவான ஒரு நாள் கிடையாது. ஓரிடத்துப் பதில் வருவதற்குள் இன்னோரிடம் பதில் கேட்டு நெருக்கும். குறுகிய கெடு வைத்து ஆளை மடக்கும் சந்தைகள் ஏன் கெட்டுப்போகின்றன என்று ஆராய்ந்த ஆல்வின் ராத்துக்கு 2012-ல் நோபல் கொடுத்தார்கள். அவர் பாடத்தை நடத்துகிற துறைகளிலேயே அதை அமல்படுத்த இன்னும் ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அவளுக்கு நான் சொன்னது கொஞ்சம்தான். சம்பளத்தோடு எடுக்கிற இடங்களுக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு கட்டமாக நடத்துகிற இடத்திலிருந்து கடிதம் வந்தால், ஒப்புக்கொள்ளும் முன் பணம் முதல் நாளிலிருந்தா, இரண்டாம் கட்டத்திலிருந்தா என்று கேட்க வேண்டும். போன சில ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மேலே போனார்கள், முதுகலையோடு கிளம்பியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதையும் எழுதிக் கேட்க வேண்டும்.

“இப்படியெல்லாம் கேட்டா சீட்டைத் திருப்பி வாங்கிடுவாங்களோ மேம்?” என்று பயந்தாள். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். “ஆர்டர் வந்தா பேமெண்ட் டேர்ம்ஸ் கேக்காம எந்தக் கம்பெனியாச்சும் சரக்கு அனுப்புதா கண்ணு?” என்றார். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.